அமாவாசை ஏற்றத்தில் விட்ட எலுமிச்சம்பழங்கள்

ஒருவன் நாசமாகப் போவதற்குத் தப்பான முடிவுகள்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. அடுத்தடுத்துச் சரியான முடிவுகளாகவே எடுத்துக்கொண்டு போனாலும் அதே இடத்துக்குப் போய்ச் சேரலாம். நான் சேர்ந்திருக்கிறேன். போன வழியை இன்றைக்கும் படிப்படியாகச் சொல்ல முடியும். எந்தப் படியிலும் உங்களால் குறை கண்டுபிடிக்க முடியாது.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. (நான்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்பாள் அக்கா. அவளுக்கு எப்போதும் வேறு மாதிரிதான் ஞாபகம் இருக்கும்.) நைனா கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷம் அது. அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போனேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். கோவாவில் படகு கழுவினேன். கடைசியாக ஆந்திர எல்லையில், எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில், லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டர். ஒரு நாள் காலையில் முதலாளி கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். வருவார் என்று வாசலில் கிடந்த லாரி டயர்மேல் சில நாள் படுத்துப் பார்த்தேன். வரவில்லை. பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

அக்கா பெயர் கன்னியம்மா. என்னைப் பார்த்ததும் "எப்படா வந்த?" என்று கேட்கவில்லை. "எப்ப போவ?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே தட்டில் சோற்றைப் போட்டாள். அவள் புருஷன் ஏழுமலை மாமா எதுவும் கேட்கவில்லை. அவர் பேச்சை வெற்றிலை மாதிரி வைத்திருப்பவர். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று எடுப்பார், அவ்வளவுதான்.

வீட்டின் கூரை ஒழுகும். எந்த இடத்தில் ஒழுகாதோ அந்த இடத்தில் அக்காவும் மாமாவும் படுப்பார்கள். மற்ற இடம் விருந்தாளிக்கு.

அந்தச் சமயத்தில்தான் மேடம் வந்தார். கேரளாவில் பிறந்து, பல நாடுகளில் படித்து, ஏரித் தண்ணீரைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். பழவேற்காடு ஊருக்குள் காதர் பாய் வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார். உள்ளூர்க்காரன் ஒருவன் உதவிக்கு வேண்டும் என்றார். ஊரில் மற்ற எல்லோருக்கும் வேலை இருந்ததால் அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

அவருடைய ஆராய்ச்சி இதுதான்: கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வருகிறது, போகிறது. வந்த தண்ணீர் உள்ளே எங்கே போகிறது, எவ்வளவு கலக்கிறது, எது கலக்காமலே திரும்பிப் போய்விடுகிறது? இதை அளக்க வேண்டும்.

"ஆறுன்னா எளுப்பம், ஈஸி, மூர்த்தி" என்றார் முதல் நாள். "ஒரு பக்கம்தான் ஓடும். இங்க காலையில உள்ள வருது, மத்தியானம் வெளிய போவுது. நேரத்துக்கு நேரம் ஓட்டம் மாறுது. அப்ப, இந்த நிமிஷம் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்தா போதாது. ஒரு துளி நாளைக்கு எங்க இருக்கும்னு தெரியணும்னா அந்தத் துளி கூடவே போகணும்."

"கலக்குறது எப்படி மேடம்?"

"தண்ணி தண்ணியை இழுக்கும். நீளமா ஆனதும் மடிக்கும். மறுபடி இழுக்கும், மறுபடி மடிக்கும்."

"பரோட்டா மாதிரியா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமா. அதேதான். இவ்வளவு சரியா என் மாணவர்கள்கூடச் சொன்னதில்லை" என்றார்.

இந்த ஒரு வாக்கியம்தான் என்னைக் கெடுத்தது. அதுவரை என் வாழ்க்கையில் யாரும் எதிலும் என்னைச் சரி என்று சொன்னது கிடையாது. அன்றைக்குச் சாயங்காலம் அக்கா வீட்டுக்கு நடந்து போனது மூர்த்தி அல்ல, ஒரு விஞ்ஞானி. (அக்கா விஞ்ஞானியைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அனுப்பினாள்.)

இன்னொன்றும் சொன்னார். ஓட்டம் மாறுகிற தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் உண்டு. கோட்டுக்கு இந்தப் பக்கம் விட்ட பொருள் கடலுக்குப் போகும், அந்தப் பக்கம் விட்டது ஏரிக்குப் போகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டாலும் அப்படித்தான். மிதக்கிற சாமான் பலதும் கடைசியில் அப்படி ஒரு கோட்டில் வந்து வரிசை கட்டும். செருப்பு நுனியால் மணலில் முகத்துவாரத்தை வரைந்து, அந்தக் கோடு எங்கே வரும் என்று வளைத்துக் காட்டினார். பார்த்துக்கொண்டேன்.

இனி என் சரியான முடிவுகள் தொடங்குகின்றன.

தண்ணீரோடு மிதந்து போய், இருக்கும் இடத்தைத் தானே சொல்லும் கருவிகள் வர வேண்டியிருந்தது. பெட்டி வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. ட்ரோன் விட்டுப் பார்க்கலாம் என்றால், எதிரே ராக்கெட் விடுகிற தீவு. ட்ரோன் பறந்தால் பின்னாலேயே போலீஸ் வரும். "ஆரஞ்சுப் பழம் விடலாம்" என்றார் மேடம். "பாதி முங்கி மிதக்கும், அதனால காத்து தள்ளாது. நிறம் தூரத்துல தெரியும். அழுகினாலும் ஏரிக்குக் கெடுதல் இல்லை. நான் லைட்ஹவுஸ் மேல நின்னு பெரிய லென்ஸ்ல படம் எடுக்கிறேன்." அதற்கு அனுமதியும் வாங்கியிருந்தார்.

ஆரஞ்சு அப்போது பருவம் இல்லை. பொன்னேரி வரை போய்ப் பார்த்துவிட்டேன். ஆனால் எளாவூர் செக்போஸ்டில் எனக்கு லாரிக்காரர்கள் பழக்கம். கூடூரிலிருந்து எலுமிச்சை ஏற்றிக்கொண்டு தினமும் வருவார்கள். என் கையால் பரோட்டா தின்ற ஒருவர், பழுத்துப்போய் மார்க்கெட்டுக்கு ஆகாத மூட்டை ஒன்றை இறக்கிவிட்டுப் போனார். விஞ்ஞானி ஆயிற்றே, சோதிக்காமல் விடுவேனா? ஒரு வாளி கடல் தண்ணீரில் போட்டேன். உச்சி மட்டும் தெரிய அருமையாக மிதந்தது. போனில் சொன்னேன். "மிதக்குதா? அப்ப சரி" என்றார் மேடம்.

நாள் எது? கடல் தண்ணீர் உள்ளே ஏறுகிற ஏற்றம் பலமாக இருக்கும் நாள்தான் அளப்பதற்கு நல்லது. அமாவாசை என்று முடிவானது.

அடுத்து அடையாளம். முகத்துவாரத்தின் வடகரை, நடு, தென்கரை என்று மூன்று இடத்தில் விட வேண்டும். கடைசியில் பொறுக்கும்போது எது எங்கே விட்டது என்று தெரிய வேண்டும். பெயின்ட் கூடாது, மீனுக்கு ஆகாது. பிளாஸ்டிக் கூடாது. யோசித்தேன். தண்ணீரில் சட்டென்று போகாததும், உடம்புக்குக் கெடுதல் இல்லாததுமான சிவப்பு எது? எண்ணெயில் குழைத்த குங்குமம். வடகரைப் பழத்துக்கெல்லாம் குங்குமப் பொட்டு. கறுப்பு எது? கண் மை. நடுவில் விடுவதற்கு மைப் பொட்டு. மூன்றாவதுக்கு நிறம் இல்லை. அதனால் மேலே குறுக்காகக் கீறி, கீறலுக்குள் குங்குமத்தை அடைத்தேன்.

காதர் பாய் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து மூட்டை மொத்தத்தையும் முடித்தேன். பாய் கீழேயிருந்து வந்தவர் நின்று பார்த்தார்.

"கோயிலுக்கா தம்பி?"

"இல்ல பாய். விஞ்ஞானம்."

"அச்சா" என்று சொல்லிவிட்டு, வந்த வேலையை விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

படிக்கிற நீங்கள் இப்போதே கத்துகிறீர்கள், எனக்குக் கேட்கிறது. அன்றைக்கு எனக்குக் கேட்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் மூன்று குரூப்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஏரியில் இஷ்டப்பட்ட இடத்தில் வலை கட்ட முடியாது. பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று ஊர் கூடி முறை வைக்கும். முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம்தான் இறால் இடம். அதுவும் அமாவாசை வற்றத்தில், தண்ணீர் வெளியே இறங்கி, ஏரியில் இருக்கிற இறால் கடலுக்குத் திரும்புகிற நேரத்தில் அந்த இடம் முறை வருவது எப்போதோ ஒரு முறை. அந்த அமாவாசை ஏழுமலை மாமாவுக்கு வந்திருந்தது. போன முறை வந்தபோது வெள்ளம் வந்து கெடுத்தது. இந்த முறை வலையைப் புதிதாகக் கட்டி வைத்திருந்தார். இந்தப் பாடு தரும் இறாலில்தான் மழைக்கு முன் கூரைக்கு ஷீட் போட வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தாள். முறை போனால் போனதுதான். மறுபடி ஒரு சுற்று முடிந்துதான் வரும்; அதற்குள் மழை வந்துவிடும்.

இது எனக்குத் தெரியும். எலுமிச்சம்பழம் வலையை என்ன செய்யும் என்று நினைத்தேன்.

விடிந்ததும் தேசப்பன் அண்ணன் படகில் போனோம். அவர் என் மாமாவுக்குக் கூட்டாளி, ஊரில் நல்ல படகோட்டி. அவர் என்ஜினைப் பார்த்துக்கொண்டார், நான் மூட்டையைப் பார்த்துக்கொண்டேன். வடகரையோரம் வந்ததும் மூட்டையை அவிழ்த்தேன். தேசப்பன் திரும்பிப் பார்த்தார்.

"டேய், இது இன்னாடா?"

"எலுமிச்சம்பழம்ணே."

"அது தெரியுது. குங்குமம் எதுக்கு?"

"அடையாளத்துக்கு."

"அதுல இன்னா, மையா?"

"அதுவும் அடையாளம்தாண்ணே."

"இதுங்கள அறுத்து உள்ள வெச்சிக்கீற?"

"அது மூணாவது குரூப்."

"இன்னிக்கு இன்னா நாளு?"

"அமாவாசை. இன்னிக்குத்தாண்ணே ஏத்தம் சூப்பரா இருக்கும்."

தேசப்பன் என்ஜினை நிறுத்தினார். லுங்கியை மடித்துக் கட்டினார். ஏரியில் குதித்தார். எங்கள் ஏரி பல இடத்தில் இடுப்பளவுதான். அங்கேயே நின்று என்னைப் பார்த்து, "படகக் கொண்டாந்து கரையில கட்டு" என்றார். இரண்டடி நடந்தவர் திரும்பி, "கட்டாத. எனக்கு அந்தப் படகே வேணாம்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தார்.

பாவம், படிப்பறிவு இல்லாதவர் என்று நினைத்துக்கொண்டேன். (ஒன்பதாம் வகுப்புவரை படித்தவன் நினைத்தது.) நானே கோலூன்றிப் படகை நகர்த்தி, மூன்று இடத்திலும் மூன்று குரூப்பையும் விட்டேன்.

ஏற்றம் பழங்களை உள்ளே கொண்டுபோனது. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பரவின. பிறகு மேடம் சொன்னது நடந்தது. எங்கிருந்தோ ஒரு நுரைக் கோடு வந்தது. கோட்டை நோக்கி இந்தப் பக்கத்திலிருந்து சில, அந்தப் பக்கத்திலிருந்து சில, பழங்கள் வர ஆரம்பித்தன. குங்குமப் பொட்டும் மைப் பொட்டும் கீறினதும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. வரிசை நீண்டது, வளைந்தது. வளைந்து, மாமா கழி நட்டு வலை கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு நேராகப் போய், அந்தக் கழிகளைச் சுற்றிக்கொண்டு நின்றது.

மற்றவர்களாக இருந்தால் அலறியிருப்பார்கள். மாமாவோடு வலை கட்ட வந்தவர்கள் அலறினார்கள். அலறிக்கொண்டே கரைக்கு ஓடினார்கள். மாமா மட்டும் மார்பளவு தண்ணீரில், கையில் வலையோடு, பழங்களைப் பார்த்தபடி நின்றார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் எங்கேயும் இறக்கி வைக்கவில்லை.

அந்த நேரத்தில் போன் அடித்தது. லைட்ஹவுஸ் உச்சியிலிருந்து மேடம். "மூர்த்தி! என்ன அழகு! நான் வரைஞ்ச அதே கோடு! ஒரு பழம்கூட விலகல!"

கரையில் ஊரே நின்றது. தேசப்பன் எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லியிருந்தார். கோட்டைக்குப்பத்துக்கு மட்டும் இல்லை. பக்கத்துக் குப்பங்களுக்கும் செய்தி போய்விட்டது. அன்றைக்கு ஏரியில் ஒருவர்கூட வலை இறக்கவில்லை. நான் படகைக் கரையில் கட்டினேன். யாரும் கயிற்றைப் பிடிக்கவில்லை.

ஊர்த் தலைவர் முன்னால் வந்தார். "யார் சொல்லி ஏவின?"

"ஏவல தலைவரே. தண்ணி எப்படிக் கலக்குதுன்னு பாக்குறது."

"குங்குமம் வெச்சா?"

விளக்க ஆரம்பித்தேன். மாவை இழுப்பது, மடிப்பது, மறுபடி இழுப்பது என்று கையால் வீசிக் காட்டினேன். வெறும் கையால் ஆகாயத்தில் பரோட்டா வீசும் ஒருவனைப் பார்த்து, முன் வரிசையில் இருந்தவர்கள் ஓரடி பின்னால் போனார்கள். அதுவும் மந்திரம் என்று நினைத்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"சரி, அந்தப் பழத்தையெல்லாம் பொறுக்கினு போ" என்றார் தலைவர். "எங்க எங்க போச்சுன்னு தெரியுமா உனக்கு?"

மேடத்துக்குப் போன் போட்டேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். இதுவும் ஒரு சரியான முடிவுதான்.

"கவலையே வேண்டாம்" என்றார் மேடம், சந்தோஷமாக. "வத்தம் ஆரம்பிச்சதும் அந்த வரிசை அப்படியே தெக்க நகரும். கொஞ்ச நேரத்துல பழைய படகுத்துறை வளைவுக்கு வந்து நிக்கும். நீங்க அங்க போய் நின்னா போதும், அதுவே வரும்."

எல்லோரும் தெற்கே பார்த்தார்கள். வற்றம் ஆரம்பித்திருந்தது. வரிசை மெல்ல அசைந்து, மேடம் சொன்ன வளைவுக்குப் புறப்பட்டது.

"எங்க வரும்னு அந்தம்மாவுக்கு எப்படிடா தெரியும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தேசப்பன்தான். "ஏவினவங்களுக்குத்தான் தெரியும்!"

ஊர் என்னை என்ன செய்யும் என்று நான் பார்க்கவில்லை, தண்ணீர் வற்றிக்கொண்டிருப்பதைத்தான் பார்த்தேன். மாமா கரையேறி, மீதி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். அந்த வலையில் இருந்தது அவர் வீட்டுக் கூரை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். என்னை ஓர் அறை விட்டாள். பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள்.

"தலைவரே, இவன் என் கூடப் பொறந்தவன். இவனப் பத்தி எனக்குத் தெரியும். ஏவல் பண்றதுக்கு ஒரு சாமர்த்தியம் வேணுமா, வேணாமா?"

"வேணும்."

"இவன் திருப்பூருக்குப் போனான். இவன் கை வெச்ச மிஷினு அன்னிக்கே நின்னுச்சு. கோவாக்குப் போனான். கழுவச் சொன்ன படக வுட்டுட்டு வேற யாரோ படகக் கழுவிக்கினு இருந்தான். எளாவூர்ல ஒருத்தன் இவன நம்பி ஓட்டலு வெச்சான், அவன் ஓட்டலயே பூட்டிக்கினு ஓடிட்டான். இவன் ஏவி எலுமிச்சம்பழம் போவுமா? இவன் கூப்ட்டா எங்க வூட்டு நாயே வராது!"

நாய் அங்கேயேதான் படகு நிழலில் படுத்திருந்தது.

"கூப்டு பாக்கலாம்" என்றார் தேசப்பன்.

"மணி... மணி... வாடா."

மணி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தது.

முதலில் சிரித்தது தலைவர். பிறகு ஊரே சிரித்தது. நான் நிரபராதி என்று தீர்ப்பானது. அதற்கு ஆதாரம் நான் ஒன்றுக்கும் லாயக்கில்லாதவன் என்பது. அக்கா மீன்கூடையை எடுத்துக்கொண்டு படகுத்துறை வளைவில் இறங்கினாள். என் பின்கழுத்தைப் பிடித்து என்னையும் இறக்கினாள். சொன்ன இடத்தில் சொன்னபடி வந்து நின்ற பழங்களை இரண்டு பேரும் அள்ளினோம். மாமா திரும்பத் தண்ணீரில் இறங்கி வலையை முடித்தார். கூட்டாளிகள் கூடப் போகவில்லை. கூடையைக் கரையில் வைத்துவிட்டு நான்தான் போய்க் கழியைப் பிடித்தேன்.

வற்றத்தில் பாதி போயிருந்தது. மீதிப் பாதியில் வந்த இறாலை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. காரணம் எளிது. ஏரி முழுக்க அன்றைக்கு வேறு ஒரு வலைகூட இல்லை. உள்ளே இருந்த இறால் வழியில் யாரிடமும் மாட்டாமல், மொத்தமாகக் கடைசி வலைக்கு வந்துவிட்டது. தூக்க முடியாமல் மாமா கரையைப் பார்த்துக் கை காட்டினார். தேசப்பனே ஓடி வந்தார்.

வலையைக் கரையில் கொட்டியதும் சிரிப்பு நின்றது. எல்லோரும் இறாலைப் பார்த்தார்கள். பிறகு மாமாவைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். சற்று முன் அக்கா என் மானத்தைக் கொடுத்து வாங்கிய தீர்ப்பு, அந்தப் பார்வையில் கரைந்துபோவதை நான் பார்த்தேன்.

மாமா வாயைத் திறந்தார். "இன்னிக்கு யாரும் வலை போடல. ஊருக்குப் பங்கு போட்டுடலாம்."

பங்கு போட்ட பிறகு மிஞ்சியதில் பாதிக் கூரைக்கு ஷீட் வந்தது. மீதிப் பாதிக்குக் கீழே நான் படுத்துக்கொண்டேன். பழத்தையெல்லாம் கழுவி அக்கா ஊறுகாய் போட்டாள். ஒரு வருஷம் எனக்கு மட்டும் அந்த ஊறுகாய். வேறு யாரும் ஜாடியைத் தொடவில்லை. கீறின பழத்தில் குங்கும வாசனை கொஞ்சம் இருக்கும். மற்றபடி நல்ல ஊறுகாய்.

மேடத்துக்கு அந்தப் படங்கள் பெரிதும் உதவின என்று கேள்வி. கருவிகள் வந்து சேர்ந்த பிறகு அவற்றையும் விட்டுப் பார்த்தார். ஊரில் யாரும் தடுக்கவில்லை. பாடு முறை வந்த ஒருவர் மட்டும், இதற்கும் குங்குமம் வைப்பார்களா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

அதற்குப் பிறகும் நான் ஓர் இடத்தில் இருக்கவில்லை. இப்போது விஜயவாடாவில் ஒரு கேன்டீனில் இருக்கிறேன். குடும்பக் கல்யாணங்களுக்குப் போனால், பந்தலில் எனக்கு மட்டும் எலுமிச்சம்பழம் கொடுக்க மாட்டார்கள். கொடுக்கிறவர் கையை அக்கா தட்டிவிடுவாள். "அவனுக்குத் தராத, அவன் ஆராய்ச்சி பண்ணுவான்" என்று தேசப்பன் பந்தியில் இருந்தே கத்துவார். அது எனக்குப் பழகிவிட்டது.

பழகாதது ஒன்றுதான். போன மாதம் அமாவாசை அன்று விடியும் முன் போன் வந்தது. மாமா. அவர் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. அக்காவுக்கு என்னவோ ஏதோ என்று எழுந்து உட்கார்ந்தேன்.

"மச்சான், இன்னிக்கு நம்ம பாடு" என்றார்.

"அப்படியா மாமா. நல்லா வரும்."

அக்கா தூங்குகிறாள் போலிருக்கிறது, குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஊர்ல ஆறு கீதா?"

"கீது மாமா. கிருஷ்ணா."

"அது கடல்லதான வுழுது?"

"ஆமா மாமா."

தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அங்க பழம் ஒண்ணே ஒண்ணு வுட்டா, இங்க வந்து சேர எத்தினி நாளாவும்னு அந்த மேடத்தக் கேட்டு சொல்றியா?"